சம்மனசின் மேல்தோல்

ஆளுயரச் சம்மனசு (வானதூதர்) ஒன்று, மரத்தில் செதுக்கியது. சுருள்முடி, காற்றில் பறக்கும் அங்கி, விரித்த இறக்கைகள் என்று எல்லாவற்றுக்கும் தங்கம் பூச வேண்டும். எத்தனை பவுன் பிடிக்கும்? யாரைக் கேட்டாலும் ஐம்பது, நூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் இரண்டு பவுன்கூட வரவில்லை.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் தருபவர் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர். 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிய கைத்தொழில் நூல் இன்றும் பூச்சு வேலைக்காரர்களுக்குப் பாடநூல். ஒரு டுகாட் காசை அடித்து 145 ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) எடுப்பவர்கள் இருக்கிறார்கள், நீ நூறோடு நிறுத்திக்கொள் என்பது அதில் அவர் தரும் புத்திமதி. டுகாட் என்பது ஏறத்தாழ மூன்றரை கிராம் சொக்கத்தங்கம். நூறு ரேக்கு என்றால் ஒன்றின் எடை 0.035 கிராம். ரேக்கின் ஒரு பக்கம் எட்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது கால் மைக்ரான். இறக்கையும் மடிப்புகளும் சேர்த்துச் சம்மனசின் மேற்பரப்பு மூன்று சதுர மீட்டர் இருக்கலாம். பெருக்கிப் பார்த்தால் பதினாலரை கிராம் தங்கம். இன்றைய ரேக்கு இன்னும் மெல்லியது, சுமார் 0.1 மைக்ரான். அதில் பூசினால் ஒரு பவுனுக்குள் வேலை முடிந்துவிடும்.

0.1 மைக்ரான் ரேக்கு எழுநூறை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும். அணுக்கணக்கில் சொன்னால் சுமார் 400 தங்க அணு அடுக்குகள், அவ்வளவே. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரேக்கு வழியே மறுபக்கம் தெரியும், அதுவும் மஞ்சளாகத் தெரியாது, பச்சையாகத் தெரியும். மஞ்சளையும் சிவப்பையும் தங்கம் திருப்பி அனுப்பிவிடுகிறது. பச்சை கொஞ்சம் நழுவி உள்ளே போய்விடுகிறது.

இத்தனை மெல்லிய பொருள் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளாது. ஐந்நூறு வருடமாகப் பீடத்தின் மேல் மின்னும் ஒரு சம்மனசைப் பார்த்து ‘தங்கம் அழியாது’ என்று சொல்பவர்கள் தப்பான பொருளைப் பாராட்டுகிறார்கள். அங்கே நின்று தாங்குவது மரமும் சுண்ணமும் மண்ணும் பசையும். இவை நாலும் தண்ணீரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நிலைக்கும்வரைதான் தங்கம் நிலைக்கும்.

(வானதூதர் என்பது இன்றைய வேதாகமத் தமிழ். சம்மனசு என்பது தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் சொல். மரச் சுரூபத்துக்கு அந்தப் பழைய சொல்தான் பொருந்துகிறது.)

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் புனித லோரென்ஸ் ஆலயத்துக்குள் நுழைந்தால் பீடத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு பெரிய ரோஜா மாலை தொங்கும். மாலைக்குள் மரியாளும் கபிரியேல் சம்மனசும் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘எங்கெல்ஸ்குரூஸ்’ என்று பெயர். சம்மனசு சொன்ன வாழ்த்து என்று பொருள். நம்மூர்க் கோவில்களில் மங்கள வார்த்தை என்று சொல்லும் அதே காட்சி. அன்டன் டூகர் என்ற நகரப் பிரமுகர் பணம் கொடுக்க, 1517-18இல் இதைச் செதுக்கியவர் ஃபைட் ஷ்டோஸ். உயரம் 3.7 மீட்டர், அகலம் 3.2 மீட்டர்.

ஷ்டோஸ் சாதுவான மனிதர் அல்ல. கடனாகக் கொடுத்து ஏமாந்த பணத்தை மீட்க ஒரு பத்திரத்தில் போலி முத்திரை வைத்து மாட்டிக்கொண்டார். 1503இல் நகர மன்றம் அவருடைய இரண்டு கன்னங்களிலும் சூடுபோட வைத்தது. பழுத்த இரும்பின் தழும்போடு திரிந்த அந்த மனிதர், அறுபது தாண்டிய பிறகு செய்த வேலை இது.

மரம் லிண்டன். ஆங்கிலத்தில் இதை லைம் மரம் என்பார்கள். எலுமிச்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. தென் ஜெர்மனியின் பெருஞ்சிற்பிகள் எல்லோரும், ரீமன்ஷ்னைடர் உட்பட, இதைத்தான் நாடினார்கள். காரணம் எளிது. ஓக் மரத்தில் வசந்த காலத்தில் வளரும் பகுதியில் பெரிய துளைகளும் கோடையில் வளரும் பகுதியில் நெருக்கமான நாரும் மாறி மாறி வரும். உளி ஒரு இடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் முட்டும். லிண்டனில் துளைகள் சிறியவை, எங்கும் ஒரே மாதிரி பரவியவை. எந்தத் திசையில் உளி வைத்தாலும் வெண்ணெய் போல இழையும். காகிதம்போல் சுருண்ட துணி மடிப்பையும் விரல் நுனி நகத்தையும் இதில் எடுக்கலாம்.

ஆனால் மரம் வெட்டுப்பட்ட பிறகும் மரம்தான். காற்றில் ஈரம் ஏறினால் குடிக்கும், இறங்கினால் கக்கும். குடிக்கும்போது உப்பும், கக்கும்போது சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு இல்லை என்றே சொல்லலாம். அகலவாக்கில் உண்டு, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெட்டிய முழுக்கட்டை காயும்போது வெளிவட்டம் வேகமாகச் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் நடுத்தண்டு விடாது. கடைசியில் கட்டை மையத்திலிருந்து வெளியே நட்சத்திரம்போல் பிளந்துவிடும். விறகுக்கடையில் எந்தக் கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலும் இந்தப் பிளவு தெரியும். மரியாளின் முகத்தில் அது தெரியக்கூடாது.

பழைய சிற்பிகள் கண்டுபிடித்த வழி, முதுகைக் குடைவது. சுவரையோ பீடத்தையோ ஒட்டி நிற்கப்போகும் சுரூபத்தின் பின்பக்கத்தைத் தோணிபோலக் குடைந்து நடுத்தண்டையே எடுத்துவிடுவார்கள். இழுத்துப் பிடிக்க மையம் இல்லை என்றால், மிச்சமிருக்கும் ஓடு குதிரை லாடம்போல வாயைக் கொஞ்சம் திறந்து மூடி, சுருக்கத்தைச் சமாளித்துக்கொள்ளும். முன்பக்கம் முழுசாக இருக்கும். எடையும் குறையும், அது சின்ன லாபமல்ல. பவேரியாவின் இக்னாட்ஸ் குந்தர் 1760களில் வையார்ன் மடத்துக்குச் செய்த மங்கள வார்த்தைக் காட்சி சப்பரம்போல் ஊர்வலத்தில் சுமந்து செல்லப்பட்டது. சுமப்பவர் தோளுக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும். அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட சம்மனசைப் பார்க்க நேர்ந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். முன்னே பரலோகம், பின்னே உளித்தழும்பு நிறைந்த வெற்றுப் பள்ளம்.

செதுக்கிய கையே பூசுவது அபூர்வம். பல நகரங்களில் சிற்பி ஒரு சங்கம், பூச்சுக்காரர் வேறு சங்கம். பூச்சுக்கான கூலி செதுக்கிய கூலியைத் தாண்டிப் போவதும் உண்டு. ரீமன்ஷ்னைடர் மூனர்ஷ்டாட் ஊருக்கு வண்ணமில்லாமல் செய்துகொடுத்த பீடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, 1504இல், வண்ணமும் தங்கமும் ஏற்றியவர் வேறு யாருமல்ல, கன்னத்தில் சூட்டுத் தழும்போடு நியூரம்பெர்க்கை விட்டு ஓடியிருந்த ஷ்டோஸ்தான்.

பூச்சு வேலை வஜ்ஜிரத்தில் தொடங்கும். நம் தச்சர்கள் ஒரு காலத்தில் அடுப்பில் காய்ச்சிய அதே தோல் பசை. ஐரோப்பாவில் முயல்தோலும் ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டுகளும் இதற்குப் பயன்பட்டன. மரத்தின் மேல் முதலில் வெறும் பசை. பிறகு பசையில் குழைத்த சுண்ணாம்புக்கல் பொடி, ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே என்றால் ஜிப்சம். ஆறேழு பூச்சு, பத்துப் பூச்சு. காயக் காயத் தேய்த்து, சிற்பியின் உளி கொடுத்த கூர்மை மங்கிப்போன இடங்களில் சின்னக் கொக்கிகளால் மறுபடி சீவிச் சரிசெய்ய வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் போடுபவர்களுக்கு இது புதிதல்ல. பலகை, துணி, சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த மேடு, அதன்மேல் ரேக்கு என்று அவர்களும் இதே ஏணியில்தான் ஏறுகிறார்கள்.

சுண்ணத்தின் மேல் வருவது மண். சாதாரண மண் அல்ல, இரும்பு கலந்து சிவந்த, வழவழப்பான களிமண். பழைய தங்கப்பூச்சு தேய்ந்த இடங்களில் சிவப்பாக எட்டிப்பார்ப்பது இதுதான்.

இனித்தான் ரேக்கு. கதவு சன்னல்களைச் சாத்திவிடுவார்கள், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்கள். தோல் மெத்தையில் ரேக்கை விரித்து, கத்தியால் நறுக்கி, அணில் முடியில் செய்த தட்டைத் தூரிகையால் எடுக்க வேண்டும். எடுக்குமுன் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒரு தடவு தடவுவார் கைதேர்ந்த பூச்சுக்காரர். தோலின் எண்ணெய்ப் பசை ரேக்கைப் பிடித்துக்கொள்ளப் போதும். சிவந்த மண்ணின் மேல் தண்ணீர் தடவி, ரேக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது தானாகத் தாவி ஒட்டிக்கொள்ளும். தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் அதை உறிஞ்சி இழுக்கிறது. பிறகு தண்ணீர் மண்ணுக்குள்ளும் சுண்ணத்துக்குள்ளும் இறங்கும். போகிற வழியில் காய்ந்து கிடந்த பசையை எழுப்பிவிட்டுப் போகும். எழுந்த பசை தங்கத்தைக் கவ்வும். ஒட்டும் வேலையைத் தண்ணீர் தொடங்கிவைத்துவிட்டு ஆவியாகிக் காணாமல் போய்விடுகிறது.

இப்போதும் பளபளப்பு வந்துவிடாது. கால் மைக்ரான் ரேக்கு, கீழே இருக்கும் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே பின்பற்றும், ஒளியைச் சிதறடிக்கும். மண் முழுதும் காய்வதற்கு முன்னே அகேட் கல்லால் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். கல் தங்கத்தைத் தேய்ப்பதாகத் தோன்றும், உண்மையில் அது தங்கத்துக்குக் கீழே இருக்கும் களிமண்ணைத்தான் அமுக்குகிறது. களிமண்ணின் துகள்கள் தட்டையானவை. அமுக்கினால் சீட்டுக்கட்டுபோல் படிந்துகொள்ளும். மேடு பள்ளம் ஒளியின் அலைநீளத்துக்கும் கீழே இறங்கியதும் மண் கண்ணாடியாகிவிடுகிறது. சென்னினியின் காலத்தில் கல்லுக்குப் பதில் நாய்ப்பல்லும் பயன்பட்டது. மாமிசம் தின்னும் எந்த விலங்கின் பல்லும் ஆகும் என்று ஓநாய், பூனை, சிங்கம்வரை அவர் பட்டியல் போடுகிறார். சிங்கப்பல் எத்தனை பட்டறைகளில் இருந்திருக்கும் என்பது அவருக்கே வெளிச்சம்.

எண்ணெய்ப் பிசின் தடவி ஒட்டுவது இன்னொரு முறை. அதற்கு மெருகு ஏறாது, மங்கலாகவே இருக்கும். பிற்காலத்துக் கலைஞர்கள் இரண்டையும் வேண்டுமென்றே கலந்தார்கள். இறக்கையின் விளிம்பு கண்ணாடிபோல் மின்ன, உள்பக்கம் மங்கலாக இருந்தால், மெழுகுவத்தி வெளிச்சத்தில் இறக்கை அசைவதுபோலவே இருக்கும்.

சிக்கனத்துக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளி ரேக்கின் மேல் தங்க ரேக்கை வைத்து இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒருபக்கம் தங்கம், மறுபக்கம் வெள்ளி. ஜெர்மன் மொழியில் ‘ஸ்விஷ்கோல்ட்’. சுவிட்சர்லாந்தின் லைகெர்ன் ஊர்ச் சிற்றாலயத்திலிருந்து வந்த, சுமார் 1420ஐச் சேர்ந்த ஒரு பீடம் இன்று சூரிச் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கை, பால் ஷெரர் ஆய்வு நிறுவனத்தில் எக்ஸ் கதிரால் நானோமீட்டர் நானோமீட்டராகப் படம் எடுத்தார்கள். தங்க அடுக்கின் கனம் சுமார் 30 நானோமீட்டர். அந்தக் காலத்துச் சாதாரண ரேக்கில் இது 140 நானோமீட்டர் அளவுக்கு இருந்தது. கையில் சுத்தியல் மட்டும் வைத்திருந்த மனிதர்கள் அடித்த கனம் இது. ஆனால் வெள்ளி சும்மா இருக்காது. தங்க அடுக்கைத் தாண்டி மெல்ல மெல்ல மேலே ஏறி, காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். சில பழைய சம்மனசுகளின் அங்கி மட்டும் கரிபிடித்ததுபோல் இருப்பதற்கு மெழுகுவத்திப் புகையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இப்படித் தண்ணீரைக் கொண்டு கட்டிய உடம்பைத் தண்ணீரே கலைக்கிறது. அதற்கு மழையோ வெள்ளமோ தேவையில்லை. ஐரோப்பியத் தேவாலயங்களில் அதைச் செய்தது ஹீட்டர்.

குளிர்காலத்தில் வெளியே பூஜ்யம் டிகிரி. அந்தக் காற்று ஈரத்தில் தோய்ந்திருந்தால்கூட ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 5 கிராம் நீராவிதான் இருக்கும். அதையே உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அந்தச் சூட்டில் 17 கிராம் தாங்கக்கூடிய காற்றில் 5 கிராம் மட்டும் மிஞ்சும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். தாகமெடுத்த காற்று பீடத்தில் நிற்கும் மரத்திலிருந்து குடிக்கும். மரம் சுருங்கும். மேலே இருக்கும் சுண்ணப்பூச்சுக்குச் சுருங்கத் தெரியாது, கூடாரம்போல் மேலெழும்பிப் பெயரும். பூசை முடிந்து ஹீட்டரை அணைத்ததும் ஈரம் திரும்பும், மரம் உப்பும், சுண்ணத்தையும் விரியச் சொல்லி இழுக்கும். அதற்கு விரியவும் தெரியாது. ஆயிரத்தில் இரண்டு பங்கு நீண்டாலே வெடித்துவிடும். மரத்தின் அசைவு நாருக்குக் குறுக்கே என்பதால் கீறல்கள் நாரின் போக்கிலேயே ஓடும். நானூறு குளிர்காலங்களைச் சூடில்லாமல் தாண்டிய பூச்சு, ஹீட்டர் வந்தபின் சில பத்தாண்டுகளில் உதிர்ந்த கதை ஆல்ப்ஸ் மலை ஊர்களில் ஏராளம்.

2002 முதல் மூன்று ஆண்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். இத்தாலியின் ரோக்கா பியெத்தோரே என்ற மலையூர் ஆலயத்தில், மரப்பீடம் எப்போது எவ்வளவு அசைகிறது என்று அளந்தார்கள். அவர்கள் சொன்ன தீர்வு நம் பாட்டிமார் சொல்லக்கூடியது: கோவிலைச் சூடாக்காதே, ஆளைச் சூடாக்கு. பெஞ்சுக்கு அடியிலும் கால் வைக்கும் இடத்திலும் இதமான மின்சூடு வைத்தால், சனங்களுக்குக் குளிராது, சம்மனசுக்குத் தெரியவும் தெரியாது.

ஈரத்தைக் குறைத்தால் கெடுதி என்றால், கூட்டினால் வேறொரு கெடுதி. உளுவண்டு வரும். மேசை நாற்காலி அரிக்கும் சின்ன வண்டின் புழு லிண்டன் மரத்துக்குள் இரண்டு முதல் ஐந்து வருடம்வரை குடைந்துகொண்டே வாழும். லிண்டனில் வைரம் பாய்ந்த பகுதி என்று ஒன்று இல்லை, எல்லாமே அதற்குச் சாப்பாடு. வண்டாகி வெளியே வரும்போது ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் துளை விட்டுப் போகும். தங்கத்தில் அந்தத் துளையைப் பார்க்கிறோம் என்றால் உள்ளே விருந்து முடிந்துவிட்டது என்று பொருள். ஓக் மரக் கூரைகளில் இன்னொரு இனம் உண்டு. துணையைக் கூப்பிட நெற்றியால் மரத்தில் டொக் டொக் என்று தட்டும். சாகக் கிடப்பவர் அருகே இரவு விழித்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் எமன் கதவைத் தட்டுவதாகக் கேட்டது. ஆங்கிலத்தில் அந்த வண்டின் பெயரே சாவுக்காவல் வண்டு.

வைத்தியத்தில் இரண்டு முறை இன்று பரவலாக உண்டு. சுரூபத்தை உறையிட்டு ஆக்சிஜனை வெளியேற்றி, நைட்ரஜனில் வாரக்கணக்கில் வைப்பது ஒன்று. காமா கதிர் இன்னொன்று. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆர்க் நியூக்ளியார் என்ற ஆய்வகம் மரச் சுரூபங்களுக்கு இதைச் செய்கிறது. 1977இல் எகிப்து மன்னர் இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்திய உடலில் பிடித்த பூஞ்சைக்கும் பிரான்சில் இதே வைத்தியம்தான் நடந்தது. கதிர் புழுவையும் முட்டையையும் கொல்லும், மரத்தில் கதிரியக்கம் எதையும் விட்டுவைக்காது. இனி வண்டு வராமல் தடுக்கவும் செய்யாது.

மனிதர்கள் செய்த சேதத்தையும் சொல்ல வேண்டும், ஆனால் வழக்கமாகச் சொல்லும் கதை எப்போதும் சரியாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் பிளித்பரோ ஆலயக் கூரையில் வண்ணம் பூசிய மரச் சம்மனசுகள் இறக்கை விரித்துப் படுத்திருக்கின்றன. அவற்றில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருந்தன. உருவங்களை உடைக்கக் கிளம்பிய தூய்மைவாதப் படைவீரர்கள் சுட்டது என்று தலைமுறைகளாகச் சொன்னார்கள். வில்லியம் டவ்சிங் என்ற உடைப்பு அதிகாரி 1644 ஏப்ரலில் அங்கே வந்ததும், இருபது சம்மனசுகளை இறக்கச் சொல்லிக் குறிப்பெழுதியதும் உண்மை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோவில் கணக்கில், கூரைக்குள் புகுந்த காக்கை இனப் பறவைகளைச் சுடக் கூலி கொடுத்த செலவு இருக்கிறது. குண்டுகளும் அந்தக் காலத்தவையே. சம்மனசைச் சுட்டவர்கள் குறிவைத்தது காக்கையை.

நியூரம்பெர்க்கின் சம்மனசுக்கு வந்த ஆபத்து வேறு மாதிரி. 1525இல் நகரம் லூத்தரன் சபைக்கு மாறியபோதும் பிரமுகர் குடும்பங்கள் கொடுத்த பொருள்களில் கைவைக்கவில்லை. சிற்பத்தை மட்டும் பச்சைத் துணி உறையில் மூடிவைத்தார்கள். நீண்ட காலம் அது அப்படியே தொங்கியது. பார்வையிலிருந்து மறைத்த அந்தத் துணி தூசியையும் புகையையும் தடுத்திருக்கும். 1817இல் சிற்பம் கீழே விழுந்து நொறுங்கியது. வண்டோ ஈரமோ அல்ல, வெறும் புவியீர்ப்பு. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி மறுபடி தொங்கவிடச் சில வருடங்கள் ஆயின.

இரண்டாம் உலகப் போரில் அதை இறக்கி, கோட்டைக் குன்றின் பாறைக்குள் குடைந்திருந்த பழைய பீர் நிலவறைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காற்றின் சூட்டையும் ஈரத்தையும் கட்டுக்குள் வைக்கக் கருவிகள் இருந்தன. போலந்தின் கிராக்கோவிலிருந்து நாஜிகள் கொள்ளையடித்து வந்த, ஷ்டோஸின் மாபெரும் மரியாள் பீடமும் அதே பாறைக்குள் கிடந்தது. மேலே லோரென்ஸ் ஆலயத்தின் கூரை குண்டுவீச்சில் இடிந்தது. கிராக்கோப் பீடம் 1946இல் ஊர் திரும்பியது. கபிரியேல் மறுபடி தன் இடத்தில் தொங்குகிறார்.

நம்மூர்ப் பழைய ஆலயங்களிலும் மரச் சுரூபங்கள் உண்டு. திருவிழா நெருங்கும்போது அவற்றை இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, எனாமல் பெயின்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீரால் எழுப்பிய பசை மறுபடி தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும், நூற்றாண்டுத் தங்கம் ஒரே துடைப்பில் துணியோடு வந்துவிடும். உங்கள் பங்கில் அப்படி ஒரு பழைய சம்மனசு இருந்தால் மிருதுவான, காய்ந்த தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள். பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.